சுகந்தியின் பிராசஸர்

சுகந்தி அந்த வாக்கியத்தைத் தொடங்கியது காலையில் பால் காய்ச்சும் நேரம். கணவர் குமரகுரு பாலை இறக்கி வைத்து, அவளுக்கு வயிற்றுக் குழாய் வழியாகக் கஞ்சி கொடுத்து, தெருமுனை மருந்துக்கடைக்குப் போய்த் திரும்பியபோது மடிக்கணினியின் திரையில் இரண்டே சொற்கள் வந்திருந்தன. 'சட்டையத் திருப்பி.' அவர் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, மேசை விசிறியைக் கணினியின் பக்கம் திருப்பிவிட்டார். சித்திரை வெயிலில் அதன் உள்விசிறி மூச்சிரைப்பது போல இரைந்துகொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து மிச்சமும் வந்தது. ஸ்பீக்கர் அதைச் சுகந்தியின் குரலிலேயே சொன்னது.

"சட்டையத் திருப்பிப் போட்டிருக்கீங்க."

குனிந்து பார்த்தார். தையல் எல்லாம் வெளியே தெரிந்தது. மருந்துக்கடை வரைக்கும் அப்படியே போய் வந்திருக்கிறார்.

"ஏம்புள்ள, இதக் கொஞ்சம் முன்னாடி சொல்லக் கூடாதா?" என்று சிரித்தார். சிரித்து முடித்ததும் மனசு கனத்துப் போனது. அவள் முன்னாடியே சொல்லத்தான் ஆரம்பித்திருந்தாள்.

அந்தக் காலத்துச் சுகந்தி ஒரு நொடி பொறுக்க மாட்டாள். கோயமுத்தூர் சிங்காநல்லூரில் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி ஒன்றை நடத்திக்கொண்டிருந்தாள். மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று அவள் கத்தினால் அந்தக் கோடியில் பிரேக் பிடிப்பார்கள். "கண்ணத் தொறந்து ரோட்டப் பாரு தாயி, ஹேண்டில்பார்ல என்ன சினிமாவா ஓடுது?" என்பாள். அழுதுகொண்டே கற்றுக்கொண்டவர்கள்தான் பிறகு கல்யாணப் பத்திரிகையோடு வந்து நின்றார்கள். வீட்டிலும் அதே வாய்தான். குமரகுருவிடம் அவள் கொஞ்சிப் பேசியதாக அவருக்கு ஒரு நாள்கூட நினைவில்லை. அது அவருக்குக் குறையாகவும் பட்டதில்லை.

பிறகு அந்த நோய் வந்தது. முதலில் விரல்கள், அப்புறம் கால்கள், நாக்கு, தொண்டை என்று ஒவ்வொரு தசையாகச் செத்துக்கொண்டு வந்தது. மூளைக்கு மட்டும் எதுவும் ஆகவில்லை. நாக்கு முழுவதும் ஓய்வதற்கு முன், அவளுடைய மூளையின் மேல் மெல்லிய வலை போல ஒரு உணர்கருவியை வைத்தார்கள். பேச வேண்டும் என்று அவள் முயன்றால், அந்த முயற்சியை அது பிடித்து, தலைக்குப் பின்னால் காந்தத்தால் ஒட்டிக்கொண்டு நிற்கும் வட்டமான ரிசீவர் வழியாக மடிக்கணினிக்கு அனுப்பும். கணினி அதைச் சொல்லாக்கும். ஆரம்பத்தில் அவள் நினைத்த வேகத்துக்குப் பேச்சு வந்தது. பள்ளியைக்கூடக் கட்டிலில் படுத்தபடியே கொஞ்ச காலம் நடத்தினாள்.

வருஷங்கள் ஓடின. கருவியைச் செய்த நிறுவனம் மூடப்பட்டது. சுகந்தியின் கண்களும் அசைவை நிறுத்தின. இமைகளைக் குமரகுருதான் காலையில் திறந்துவிட வேண்டும். சொட்டு மருந்து விட்டு, தூங்கும் நேரத்தில் மூடிவிட வேண்டும். எதிரில் வருவது அவளுக்குத் தெரியும், காது கேட்கும், தொட்டால் உணர்வாள். ஆனால் அவள் உள்ளே இருக்கிறாள் என்று வெளியே தெரிவதற்கு அந்தப் பழைய மடிக்கணினியைத் தவிர வேறு வழி எதுவும் மிச்சமில்லை.

பெனிட்டா அந்த நிறுவனத்தில் என்ஜினியராக இருந்தவள். நிறுவனம் போன பிறகும் கூப்பிட்டால் வந்து பார்ப்பாள். அந்த வாரம் வந்தவள் கணினியின் அடிமூடியைத் திறந்து, தூசியைத் துடைத்து, வெகுநேரம் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிராசஸர் தேஞ்சு போச்சுங்களாம்மா?" என்று கேட்டார் குமரகுரு.

"பிராசஸர் தேயல சார். அக்காவோட சிக்னல்தான் மெலிஞ்சு போச்சு. மூளை மேல வெச்ச வலையச் சுத்தித் தழும்பு வளந்திருக்கு. கல்யாண மண்டபத்துல மேளம் அடிக்கிறப்ப மூலையில ஒருத்தர் முணுமுணுக்கறதக் கேக்கணும்னா எப்படி? அத இந்தச் சிப்பு கேட்டுக்கிட்டிருக்கு. அதுக்கு நெறையக் கணக்குப் போடணும். இது அந்தக் காலத்துச் சிப்பு, முடியல. இன்னும் மெலிஞ்சா ஒரு வார்த்தைக்கு ஒரு நாள் ஆகும்."

"புது லேப்டாப்பே வாங்கிட்டா?"

"புரோகிராம் இந்த போர்டோட பூட்டியிருக்கு சார். சாவி வெச்சிருந்த கம்பெனி இப்ப இல்ல. ஆனா பிராசஸர் மட்டும் சாக்கெட்ல இருக்கு, கழட்டி மாட்டலாம். இதே சாக்கெட்டுக்குப் பொருந்தற வேகமான சிப்பு ஒண்ணு எங்கிட்ட இருக்கு."

"அப்பறம் என்ன, மாட்டிருங்க."

பெனிட்டா ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தாள். சுகந்தியின் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுப் பேசினாள். அவளுக்கும் கேட்கட்டும் என்பது போலக் குரலைக் கொஞ்சம் உயர்த்தினாள்.

"ஒரு விஷயம் இருக்கு சார். இந்த புரோகிராமுக்கு யூகிக்கத் தெரியும். போன்ல டைப் அடிக்கறப்ப அடுத்த வார்த்தை தானா வருதில்ல, அந்த மாதிரி. ஆனா அதவிட ரொம்பப் புத்திசாலி. இத்தன வருஷம் அக்கா பேசுன எல்லாம் அதுக்குள்ள இருக்கு. பழைய சிப்புக்கு அத ஓட்டற தெம்பு இல்லாததால அது தூங்கிக்கிட்டிருக்கு. புதுசப் போட்டதும் தானா முழிச்சிக்கும். நம்மளால அணைக்க முடியாது."

"யூகிச்சா நல்லதுதானுங்களே? அவளுக்குச் சிரமம் கம்மி."

"அக்கா ஆரம்பிப்பாங்க, அது முடிக்கும். அவங்க எவ்வளவு ஆரம்பிச்சாப் போதும்னு அதுதான் முடிவு பண்ணும். இன்னொண்ணும் இருக்கு. கேமரா, மைக் வழியாக் கேக்கறவங்களையும் கவனிக்கும். நீங்க சிரிச்சா, முகம் சுளிச்சா, எல்லாத்தையும் வெச்சுக் கத்துக்கும்."

குமரகுரு சுகந்தியைப் பார்த்தார். "என்ன புள்ள, கேட்டியா? மாத்தலாமா?"

பெனிட்டா போனாள். மதியம் போனது, சாயங்காலம் போனது. நெதர்லாந்திலிருந்து மகள் மிதுனா வழக்கம் போல அழைத்தாள். அவள் கர்ப்பமாக இருந்தாள். முன்பு உண்டானவை எதுவும் தங்கவில்லை. இந்தத் தடவை படுக்கையை விட்டு எழக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். கணவன் வேலைக்குப் போனபின் தனியாகப் படுத்தபடி விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு இந்த அழைப்பு ஒன்றுதான் பேச்சுத் துணை.

"அம்மா இன்னைக்கும் ஒண்ணும் சொல்லலயாப்பா?"

"சொல்லிக்கிட்டிருக்கா கண்ணு. பாதி வந்திருக்கு."

"நான் போன வைக்கறதுக்குள்ள ஒரு வார்த்தைகூட வர மாட்டேங்குது. எனக்குப் பயமா இருக்குப்பா. அம்மா குரலக் கேட்டாத் தூக்கமாவது வரும். அந்தச் சிப்ப மாத்துங்களேன்."

சுகந்தியின் பதில் முழுசாக வந்தது மறுநாள் மதியம்.

"பேசறது நானு. காத்திருக்கறது நீங்க. முடியலைன்னா மாத்துங்க."

குமரகுருவுக்குச் சுருக்கென்றது. அவள் பாதி வார்த்தையில் இருக்கும்போது அவர் எழுந்து போனது, செய்தித்தாளைப் பிரித்தது, சில நாள் நாற்காலியிலேயே உறங்கிப் போனது, எல்லாவற்றையும் அவள் அங்கிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"எனக்கென்ன, நான் காத்திருப்பேன்" என்றார். மனசாரத்தான் சொன்னார். பெனிட்டாவையும் அழைத்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அதற்கப்புறம் வெயில் இன்னும் ஏறியது. ஒரு மத்தியானம் அவர் மொட்டை மாடியில் போர்வைகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். சுகந்தியின் தொண்டையில் சளி அடைத்து அவள் கூப்பிட முயன்றால், சொல்லுக்குக் காத்திராமல் கணினி மணி அடிக்கும்; கீழே இறங்கி வந்து குழாய் விட்டு உறிஞ்சி எடுப்பார். அன்று மணி அடிக்கவில்லை. அவர் இறங்கி வந்து அறைக்குள் நுழைந்தபோது திரை கறுப்பாகக் கிடந்தது. சூடு தாங்காமல் கணினி தன்னைத்தானே அணைத்துக்கொண்டிருந்தது. சுகந்தியின் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. கண்கள் அவர் எப்படித் திறந்துவிட்டுப் போனாரோ அப்படியே விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. குழாயை விட்டுச் சளியை எடுத்தார். மார்பு ஏறி இறங்கத் தொடங்கியதும் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். எவ்வளவு நேரமாக அவள் கூப்பிட்டிருப்பாள் என்று தெரியவில்லை.

அன்றைக்கே பெனிட்டாவை அழைத்தார். சுகந்தியிடம் மறுபடி கேட்கவில்லை. கேட்டால் பதில் வர ஒரு நாள் ஆகும், அந்த ஒரு நாளுக்குள் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பெனிட்டா பழைய பிராசஸரைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து மூடி, புதியதை மாட்டினாள். உள்விசிறி ஒரு தடவை சுழன்று, சத்தமே இல்லாமல் அடங்கியது. ரிசீவரைச் சுகந்தியின் தலையில் ஒட்டினாள்.

"என்னங்க இது கோலம், இப்படியா எளைச்சுப் போவீங்க? கண்ணாடியே பாக்கறதில்லையா? பெனிட்டா, இந்த மனுசனுக்கு மொதல்ல ஒரு காப்பியப் போட்டுக் குடு. அழுதுருவாரு."

அவர் ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தார்.

அன்று முழுக்கப் பேசினார்கள். ஜன்னல் திரையின் நிறம் பிடிக்கவில்லை என்றாள். கஞ்சியை ஆற்றாமல் கொடுக்கிறீர்கள் என்றாள். அவருடைய தங்கையைப் பற்றி, இத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்த ஒன்றைச் சொன்னாள். அவர் முகம் சுருங்கியது. சாயங்காலம் மிதுனா அழைத்தபோது அம்மாவும் மகளும் போட்டி போட்டுக்கொண்டு பேசினார்கள். இடையில் புகுந்து பேச முடியாமல் குமரகுரு சமையலறைக்குப் போய்ச் சும்மா நின்றுகொண்டிருந்தார். அந்தச் சத்தம் அவருக்குப் போதுமாக இருந்தது.

நாளாக நாளாகச் சண்டை குறைந்தது. ஜன்னல் திரையின் நிறத்தைப் பற்றிய பேச்சு நின்றது. தங்கையைப் பற்றி அவள் மறுபடி எதுவும் சொல்லவில்லை. அவர் மாடியிலிருந்து இறங்கி வந்தால், "வெயில்ல நின்னீங்களா? மோர் குடிச்சுட்டு உக்காருங்க" என்றாள். கை கால் பிடித்துவிடும்போது, "நீங்க மட்டும் இல்லேன்னா நான் என்ன ஆயிருப்பனுங்க" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் வராத பேச்சு. முதல் தடவை கேட்டபோது அவருக்கு என்னவோ போல இருந்தது. அப்புறம் அதைக் கேட்பதற்காகவே கால்களைக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்துவிட்டார்.

"அம்மா எவ்ளோ மாறிட்டாப்பா" என்றாள் மிதுனா. "சின்ன வயசுல எங்கிட்ட இப்படிப் பேசினதே இல்ல. நான் அழுதா, அழுது முடிச்சுட்டு வான்னுதான் சொல்லுவா. இப்ப நான் வாயத் தொறக்கறதுக்குள்ள என்ன கஷ்டம்னு கண்டுபிடிச்சர்றா."

"படுத்துக் கெடக்கறா இல்ல கண்ணு. மனசு எளகியிருக்கும்" என்றார் அவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் சுகந்திக்குத் தலைக்கு ஊற்றினார். கட்டிலின் தலைமாட்டில் பிளாஸ்டிக் தொட்டியை வைத்து, கழுத்தைத் தாங்கிப் பிடித்து, மக்கில் மொண்டு ஊற்ற வேண்டும். ரிசீவரில் தண்ணீர் படக் கூடாது என்பதால் முதலில் அதைக் கழற்றி ஜன்னல் கட்டையில் வைத்துவிடுவார். கூடவே கணினியையும் அணைப்பது வழக்கம், அன்று மறந்துவிட்டார். ஷாம்புவைத் தேய்த்து, ஒரு மக் தண்ணீரை ஊற்றினார்.

"தண்ணி எதமா இருக்குங்க" என்றது சுகந்தியின் குரல்.

"ம்" என்றபடி இன்னொரு மக் மொண்டார். மக் பாதியில் நின்றது.

ரிசீவர் ஜன்னல் கட்டையில் இருந்தது.

அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். ஷாம்பு நுரை நெற்றியிலிருந்து வழிந்து, திறந்திருந்த இடது கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கண் சிவந்து கிடந்தது. அது எவ்வளவு எரியும் என்று யாருக்கும் தெரியும்.

"புள்ள?" என்றார் மெதுவாக.

"சொல்லுங்க" என்றது மேசையிலிருந்து குரல். "ஏன் நிறுத்திட்டீங்க? கை வலிக்குதா? கொஞ்ச நேரம் உக்காந்துட்டு ஊத்துங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

அவர் அவளுடைய கண்ணைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். குரல் ஆறுதலாக என்னென்னவோ சொல்லிக்கொண்டே இருந்தது.

பெனிட்டா வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். ரிசீவரைப் பொருத்தியும் கழற்றியும் பார்த்தாள். இரண்டுக்கும் குரலில் ஒரு வித்தியாசமும் இல்லை. அவரை வெளியே வராந்தாவுக்கு அழைத்து வந்து சொன்னாள்.

"எவ்வளவு ஆரம்பிச்சாப் போதும்னு அதுதான் முடிவு பண்ணும்னு சொன்னேனில்ல சார். கொறைச்சுக்கிட்டே வந்திருக்கு. கடைசியில ஒண்ணுமே வேண்டாம்னு முடிவு பண்ணிருச்சு."

"அப்ப எங்கிட்டப் பேசுனது?"

"நீங்க எதுக்குச் சந்தோஷப்பட்டீங்களோ அதப் பேசிச்சு. மிதுனா எதுக்குச் சிரிச்சாங்களோ அத."

"அவ?" என்றார். "அவ என்ன பண்ணிக்கிட்டிருந்தா?"

பெனிட்டா அறைக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். "மொதல்ல முயற்சி பண்ணியிருப்பாங்க சார். இவங்க ஆரம்பிக்கறதுக்குள்ள அது வேற ஏதோ சொல்லி முடிச்சிருக்கும். நீங்க ரெண்டு பேரும் சந்தோஷமா இருந்திருப்பீங்க. கொஞ்ச நாள் அப்படியே பாத்தாங்கன்னா விட்டிருப்பாங்க. விட்டுட்டா அந்தப் பழக்கமே மூளையில அழிஞ்சிரும். அசைக்காம விட்ட கை கால் மாதிரிதான்."

"பழசப் போடுங்க" என்றார் குமரகுரு.

பழைய பிராசஸரை டப்பாவிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பார்த்த பெனிட்டா நாக்கைக் கடித்தாள். அடியில் இருந்த முடி போன்ற ஊசிகளில் சில வளைந்திருந்தன. தையல் ஊசியால் ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள். "இது இன்னொரு தடவை தாங்காது சார். இப்ப மாட்டறேன். மறுபடி கழட்டினா ஊசி ஒடிஞ்சிரும். அதுக்கப்பறம் இது வெறும் தகடுதான்."

மாட்டினாள். உள்விசிறி பழையபடி இரையத் தொடங்கியது. திரையில் வெறும் கோடு ஒன்று நின்று துடித்தது.

குமரகுரு நாற்காலியை விட்டு எழவில்லை. சமையலை நிறுத்தினார், யாராவது கொண்டுவந்து கொடுத்ததைச் சாப்பிட்டார். செய்தித்தாள் வாசலிலேயே சுருண்டு கிடந்தது. விசிறியைக் கணினிக்கு நேராக வைத்து, ஈரத்துணியை அடியில் மடித்து வைத்தார். "நான் இங்கதான் இருக்கேன் புள்ள. எங்கயும் போகல. எத்தன நாளானாலும் சரி, ஒண்ணே ஒண்ணு சொல்லு. திட்டு. என்ன வேணும்னாலும் சொல்லு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். திரையில் ஒன்றும் வரவில்லை.

மிதுனாவிடம் கணினி ரிப்பேர் என்று சொல்லியிருந்தார். ஒவ்வொரு சாயங்காலமும் அவள் குரல் இன்னும் கொஞ்சம் மெலிந்து வந்தது. இரத்த அழுத்தம் ஏறியிருக்கிறதாம். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். "நான் அம்மாவ ஏதாவது தப்பாப் பேசிட்டனாப்பா? அதான் பேச மாட்டேங்கறாளா?" என்று ஒரு நாள் கேட்டாள். அவளிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தார். எந்த உண்மையைச் சொல்வது? இத்தனை நாள் உன்னைத் தூங்க வைத்தது உன் அம்மா இல்லை என்றா? படுக்கையை விட்டு எழக் கூடாதவளிடம் அதை எப்படிச் சொல்வது? "அப்படியெல்லாம் இல்ல சாமி. சீக்கிரம் சரியாயிரும்" என்று மட்டும் சொன்னார்.

பெனிட்டா தினமும் வேலை முடிந்ததும் வந்து பார்த்துவிட்டுப் போனாள். அந்த வெள்ளிக்கிழமை அவள் வந்தபோது குமரகுரு களைத்துப் போயிருந்தார். சவரம் செய்து நாளாகியிருந்தது. பெனிட்டாவின் எதிரிலேயே சுகந்தியின் முகத்துக்கு நேரே குனிந்து, அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"எனக்கு ஒண்ணுந் தெரியல புள்ள. மிதுனா அழறா. அந்தப் புதுசையே திரும்பப் போட்றட்டுமா? உனக்கு வேணுமா, வேண்டாமா? அது ஒண்ணு மட்டும் சொல்லு. நீ எதச் சொன்னாலும் கேக்கறேன்."

பெனிட்டா ஜன்னலருகே போய் நின்றாள். தெருவில் ஒரு பால்காரர் மணி அடித்துக்கொண்டு போனார். வெளிச்சம் மஞ்சளாக மாறும் வரை அவர்கள் அப்படியே இருந்தார்கள்.

உள்விசிறியின் இரைச்சல் திடீரென்று கூடியது. திரையில் ஓர் எழுத்து வந்திருந்தது.

'வே'

"சார்!" பெனிட்டா ஓடிவந்து கணினியின் முன்னால் மண்டியிட்டாள். "இந்தச் சிப்புக்கு யூகிக்கத் தெரியாது சார். இது அக்கா. அக்காவேதான்."

குமரகுரு சுகந்தியின் கையைப் பிடித்துக்கொண்டார். "சொல்லு புள்ள, சொல்லு" என்றார். அவள் அங்கே இருக்கிறாள். அவர் சொன்னதை எல்லாம் கேட்டிருக்கிறாள். இவ்வளவு நாளும் இருட்டுக்குள் கிடந்து, இந்த ஓர் எழுத்தை எங்கிருந்தோ இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

"வேணும்னா? வேண்டாம்னா?" என்று பெனிட்டாவைக் கேட்டார்.

"ரெண்டுக்கும் இதுதான் சார் மொதல் எழுத்து. இன்னொண்ணு வந்தாத் தெரிஞ்சிரும்."

அப்போது போன் அடித்தது. மிதுனா.

"அப்பா, ஆபரேஷன் பண்ணப் போறாங்க. கொழந்தையோட துடிப்பு கொறையுதாம். இப்பவே." அவளுக்கு மூச்சு வாங்கியது. பின்னால் புரியாத மொழியில் யாரோ வேகமாகப் பேசினார்கள். "அவரு இன்னும் வந்து சேரலப்பா, வழியில இருக்காரு. நான் தனியா இருக்கேன். அம்மாவக் குடுங்கப்பா. ஒரு தடவ. ஒரே ஒரு தடவ அம்மா குரலக் கேட்டுட்டுப் போறேன்."

"கண்ணு, கொஞ்சம் பொறு. அம்மா சொல்ல ஆரம்பிச்சிருக்கா..."

"நேரமில்லப்பா! கொஞ்ச நேரத்துல உள்ள கூட்டிட்டுப் போயிருவாங்க. நான் பொழைக்கலைன்னா?"

"நீ வை. இப்பவே கூப்படறேன்" என்றார்.

திரையில் 'வே' அப்படியே நின்றது. அதற்குப் பக்கத்தில் கோடு துடித்துக்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்தார். வேணும் என்றால் போடலாம், குற்றமில்லை. வேண்டாம் என்றால், அவள் இவ்வளவு பாடுபட்டுச் சொல்லும் அந்த ஒரே சொல்லைத் தாண்டி எப்படிக் கைவைப்பது? ஓர் எழுத்து வந்தால் போதும். ஒன்றே ஒன்று. விசிறி இரைந்தது. எழுத்து வரவில்லை.

"மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்?"

"பத்து நிமிஷம்" என்ற பெனிட்டா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "சார், பொறுங்க. கழட்டினா முடிஞ்சுது. இனி அக்காவக் கேக்கறதுக்கு வழியே கெடையாது. அவங்க உள்ள முழிச்சிக்கிட்டிருக்காங்க சார். இப்பத்தான் தெரிஞ்சுது."

போன் மறுபடி அடித்தது. அவர் எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்து, மூன்றாவது தடவை அடிக்கத் தொடங்கியது. அவர் சுகந்தியின் முகத்தைப் பார்த்தார். அந்த முகம் எதையும் சொல்லவில்லை. அதற்கு எதையும் சொல்லத் தெரியாமல் போய் வெகு காலமாகிவிட்டது.

"நம்ம புள்ளைக்காகத்தான், புள்ள" என்றார்.

கையை நீட்டி, கணினியின் சுவிட்சை அவரே அழுத்தினார். 'வே' அணைந்தது.

பெனிட்டா அடிமூடியைத் திறந்தாள். கண்ணீர் போர்டில் விழாமலிருக்க இரண்டு முறை தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பழைய பிராசஸரைத் தூக்கியபோது சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. ஊசிகள் சாக்கெட்டுக்குள்ளேயே ஒடிந்து நின்றன. அவற்றை ஒவ்வொன்றாக இடுக்கியால் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதியதை வைத்தாள்.

"கண்ணு" என்றது குரல், போன் இணைந்த மறுநொடி. "அம்மா இங்கதான் இருக்கேன் சாமி. எதுக்கு இப்படி நடுங்கற? கண்ண மூடிக்க. என் கையப் புடிச்சுக்க. நீ உள்ள போய்ட்டு வெளிய வர்ற வரைக்கும் நான் எங்கயும் போக மாட்டேன்."

போனில் மிதுனாவின் அழுகை மெல்ல மெல்ல அடங்குவது கேட்டது. "சரிம்மா" என்றாள். "சரிம்மா. நான் போய்ட்டு வர்றேன்."

பெனிட்டா பையை எடுத்துக்கொண்டு, சொல்லாமல் கிளம்பிப் போனாள்.

பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். மறுநாள் காலை மிதுனாவின் கணவன் கேமராவைக் குழந்தைக்கு மேலே பிடித்துக் காட்டினான். சுருங்கிச் சிவந்த முகம், இறுக மூடிய கைகள். குமரகுரு போனைச் சுகந்தியின் கண்களுக்கு நேரே வெகுநேரம் பிடித்திருந்தார். குரல் குழந்தையைக் கொஞ்சியது. மூக்கு யாருடையது, நெற்றி யாருடையது என்றெல்லாம் சொன்னது. மிதுனா சோர்வோடு சிரித்தாள். "அம்மா, நேத்து நீ மட்டும் பேசலைன்னா நான் பயத்துலயே செத்திருப்பேன்" என்றாள்.

பேசி முடித்தார்கள். குமரகுரு போனை மேசைமேல் வைத்தார். பிறகு கட்டிலைப் பார்த்துக் கேட்டார்.

"நேத்து நீ 'வே'ன்னு ஆரம்பிச்சியே புள்ள. என்ன சொல்ல வந்த?"

கேள்வி முடியக்கூட இல்லை.

"வேணும்னுதானுங்க" என்றது குரல், மேசையிலிருந்து. "வேறென்ன சொல்லப் போறேன்? நீங்க செஞ்சதுதான் சரி. மனசப் போட்டு அலட்டிக்காதீங்க."

அவர் கேட்க ஆசைப்பட்ட பதில் அதுதான். ஒரு சொல்கூட மாறவில்லை.

ஸ்பீக்கரை அணைத்தார். சுகந்தியின் கண்களுக்குச் சொட்டு மருந்து விட்டு, ஓரத்தில் வழிந்ததைத் துணியால் ஒற்றி எடுத்தார். அது மருந்தா, கண்ணீரா என்று அவருக்குத் தெரியவில்லை. நாற்காலியை இழுத்து அவள் முகத்துக்கு எதிரே போட்டு உட்கார்ந்துகொண்டார். சாயங்காலம் மிதுனா அழைக்கும்போது ஸ்பீக்கரை மறுபடி போட வேண்டும்.